மூக்கு வரை வந்த மாப்பிள்ளை

ஜோசப் ஃபூரியே ஒரு தையல்காரரின் மகன். மும்பையில் எங்கள் தாராவியில் பிறந்திருந்தால் தொண்ணூறடி ரோட்டில் ஏதாவதொரு மாடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், உட்கார்ந்து ஜீன்ஸ் பேண்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருப்பார். 1768-ல் பிரான்சில் பிறந்து தொலைத்ததால் கணக்குப் படித்து, நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது கூடவே போய்விட்டு வந்து, கிரெனோபிளில் நம்மூர் கலெக்டர் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. எகிப்து வெயில் அவருக்கு ஒட்டிக்கொண்டது. சூடுதான் உடம்புக்கு நல்லது என்று முடிவுகட்டி, வீட்டுக்குள்ளேயே கம்பளியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார் என்பார்கள். மே மாதத்தில் ஒரு மத்தியானம் எங்கள் தகரக் கூரைக்கு அடியில் படுக்க வைத்திருந்தால் அந்த ஆசை அன்றைக்கே தீர்ந்திருக்கும். இன்ஜினியரிங் மாணவர்களும் தப்பித்திருப்பார்கள்.

தீரவில்லை. சூடு ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு 1807-ல் பாரிசில் ஒரு கட்டுரை கொடுத்தார். எவ்வளவு கோணல்மாணலான கோடாக இருந்தாலும் சைன், கோசைன் அலைகளைக் கூட்டியே வரைந்துவிடலாம் என்றார். பெரிய மனுஷர் லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. விஷயம் புத்தகமாக வெளிவர 1822 ஆயிற்று. பதினைந்து வருஷம். தாராவியைச் சீரமைக்கும் திட்டத்தை 2004-ல் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது மின்னல் வேகம்.

ஃபூரியே அலைக்கு ஒரு குறை உண்டு. அதற்கு வீடு வாசல் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சீராக ஆடிக்கொண்டே கிடக்கும். குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் ஒரு பானை உடைகிற சத்தத்தை அதை வைத்து எழுத வேண்டுமென்றால், சயானிலிருந்து மாஹிம் வரைக்கும் அலைகளை ஆடவிட்டு, பானை உடைந்த இடம் தவிர மற்ற இடத்திலெல்லாம் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு பானைக்கு இத்தனை பேரா?

இந்தக் கேள்விக்கு 1909-ல் பதில் வந்துவிட்டது. கேள்விதான் வரவில்லை. ஆல்ஃபிரட் ஹார் என்ற ஹங்கேரிக்காரர், கோட்டிங்கனில் ஹில்பர்ட்டிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்த பையன், ஆய்வேட்டில் ஒரு சின்ன உருவத்தைப் போட்டிருந்தார். மேலே ஒரு படி, கீழே ஒரு படி, அவ்வளவுதான். அதற்கு அப்புறமும் இப்புறமும் சுழியம். கடல் மாதிரி ஓயாமல் ஆடாமல், ஓர் இடத்தில் எழுந்து அங்கேயே அடங்கிவிடும் சிற்றலை. அவர் அதைப் படத்தைச் சுருக்கவோ பானையை எழுதவோ செய்யவில்லை. கணக்கில் ஒரு நுட்பமான சந்தேகத்தைத் தீர்க்கச் செய்தார். தீர்ந்தது. பட்டம் கிடைத்தது. எழுபது வருஷத்துக்கு அது பெரும்பாலும் நூலகத்தில் தூங்கியது.

ஹார் கண்டுபிடித்ததை எங்கள் சித்தியும் கண்டுபிடித்திருந்தாள். விடிகாலையில் தாராவியிலிருந்து அலுமினியப் பாத்திரத்தோடு கிளம்பி ஊர் முழுக்கப் பரவும் இட்லிக்காரர்களைப் பார்க்காத மும்பைக்காரன் இருக்க மாட்டான். சித்தி அவித்துக் கொடுக்க, நாலு பேர் கொண்டுபோய் விற்பார்கள். ஒரு நாள் விற்பனை 90, 94, 40, 44. கணக்கு எழுதப் போன என்னிடம் நாலு எண்ணையும் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஆளுக்குச் சராசரி 67-னு போடு. சயான் பக்கம் போனவனுவ ரெண்டு பேரும் 25 கூட. மாட்டுங்கா பக்கம் போனவனுவ 25 கம்மி."

"மிச்சம் சித்தி?"

"ரெண்டு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். அத விடுலே."

ஹார் உருமாற்றம் என்பது இதுதான். பக்கத்துப் பக்கத்து எண்களுக்குச் சராசரி எடு, முதல் எண் அதிலிருந்து விலகும் வித்தியாசத்தைத் தனியே வை: 92, 42, ஒதுக்கி வைத்தது -2, -2. சராசரிகளுக்கும் அதையே செய்: 67, ஒதுக்கியது 25. இப்போது கையில் 67, 25, -2, -2. இதிலிருந்து பழைய நாலு எண்ணையும் அட்சரம் பிசகாமல் திரும்ப எடுக்கலாம். 'அத விடுலே' என்று இரண்டு சில்லறையையும் விட்டுவிட்டால் 92, 92, 42, 42 கிடைக்கும். பாதி எழுத்தில் கிட்டத்தட்ட அதே கணக்கு. போட்டோவும் எண்களின் மூட்டைதான். அதில் வானத்துக்குப் பக்கத்தில் வானம், கன்னத்துக்குப் பக்கத்தில் கன்னம். அடுத்த வீட்டுக்காரன் அநேகமாக நம்மைப் போலத்தான் இருப்பான். அதனால் வித்தியாசங்களில் முக்கால்வாசி சில்லறையாகத்தான் தேறும். வரிசை வரிசையாக ஒரு தடவை, பத்தி பத்தியாக ஒரு தடவை இதைச் செய்தால் மூலையில் கால் அளவுக்கு ஒரு குட்டிப் படமும், மற்ற மூன்று மூலைகளில் விளிம்புகளின் கோட்டோவியமும் மிஞ்சும். குட்டிப் படத்தை மறுபடி கால் ஆக்கு. மறுபடியும். சித்திக்கு இதற்கெல்லாம் ஜெர்மன் தேவைப்படவில்லை.

இதற்கிடையில் போட்டிக் கடை திறந்துவிட்டது. கடை வைத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாசிர் அகமது என்ற பேராசிரியர், கோசைன் அலைகளை மட்டும் வைத்துப் படத்தைச் சுருக்கலாம் என்று 1972-ல் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பணம் கேட்டார். தரவில்லை. பணம் இல்லாமலே தன் மாணவர் டி. நடராஜனையும், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துவிட்டுப் போன கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்து, 1974 ஜனவரியில் மூன்று பேர் பெயரிலும் சின்னதாக ஒரு கட்டுரை வெளியிட்டார். டி.சி.டி. என்று அதற்குப் பெயர். மாட்டுங்காவில் இந்த மூன்று எழுத்தைச் சொன்னால் "யூ.டி.சி.டி.யா? நேரே போய் லெஃப்ட்" என்று கெமிக்கல் இன்ஜினியரிங் கல்லூரிக்கு வழி காட்டுவார்கள். அது வேறு. இது 1992-ல் ஜேபெக் என்ற தரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்ட டி.சி.டி. காலையில் உங்களுக்கு வரும் ரோஜாப்பூ குட்மார்னிங் ஒவ்வொன்றிலும், எட்டுக்கு எட்டு கட்டம் ஒவ்வொன்றிலும், நடராஜன் ஆடிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கட்டம்தான் வில்லங்கம். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளியாகச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கும். சால் என்கிற வரிசைக் குடியிருப்பைக் கட்டினவன் கோலி பிரித்த மாதிரி. ஆனால் சாலில் ஒரு கோலியில் மீன் வறுத்தால் எட்டு கோலிக்கு வாசம் தெரியும். ஜேபெக்கில் பக்கத்துச் சதுரத்தில் தீப்பிடித்தாலும் இந்தச் சதுரத்துக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்திச் சுருக்கினால் முகத்துக்கு நடுவே சுவர் எழும்பும்.

கதை இப்போது மறுபடி பிரான்சுக்குப் போகிறது. எல்ஃப் அகிட்டேன் என்ற எண்ணெய்க் கம்பெனியில் ஜான் மோர்லே என்று ஒருவர். பூமியில் வெடிவைத்து, எதிரொலியைக் கேட்டு, அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எதிரொலி என்பது பானை உடைகிற ஜாதி. ஃபூரியேயை வைத்து மல்லுக்கட்டி அலுத்துப்போய், 1980 வாக்கில் குட்டி அலைகளை நீட்டியும் குறுக்கியும் பார்த்தார். வேலை செய்தது. ஏன் செய்கிறது என்று தெரியவில்லை. இது நிஜமாக இருந்தால் இதற்குள் யாருக்காவது தெரிந்திருக்குமே என்று பெரியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பியதாகக் கதை உண்டு. மார்செய்யில் இருந்த அலெக்ஸ் கிராஸ்மன் என்ற இயற்பியல்காரர்தான் உட்கார வைத்துக் கணக்கை நேராக்கினார். 1984-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை போட்டார்கள். மோர்லேக்குக் கம்பெனி தந்த பரிசு முன்கூட்டியே ஓய்வு.

அந்தக் கட்டுரை ஒரு ஜெராக்ஸ் மெஷினால்தான் பிழைத்தது. பாரிசுக்குப் பக்கத்தில் எக்கோல் பாலிடெக்னிக்கில் ஒரே மெஷின். ஒரு பேராசிரியர் முன்னால் நின்று கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் ஈவ் மேயர் என்ற கணிதக்காரர் காத்திருக்கிறார். பரீட்சைக்கு முந்தின வாரம் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்; நாமாயிருந்தால் முன்னால் நிற்பவனின் பரம்பரையை இழுத்திருப்போம். மேயருக்குக் கோபம் வரவில்லை. முன்னால் நின்றவர் பேச்சுவாக்கில் கையிலிருந்த மோர்லே-கிராஸ்மன் கட்டுரையை நீட்டினார். மேயர் படித்தார். தன் துறைக்காரர் கால்டெரோன் 1960-களிலேயே எழுதிய ஒரு சமன்பாடு எண்ணெய்க் கம்பெனி வேஷத்தில் வந்திருக்கிறது என்று பிடிபட்டது. ரயில் பிடித்து மார்செய்க்குப் போனார். 2017-ல் அவருக்கு ஆபெல் பரிசு கொடுத்தார்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு மளமளவென்று நடந்தது. ஸ்டெஃபான் மாலா என்ற மாணவர், சராசரி-வித்தியாசம்-மறுபடி சராசரி என்கிற ஏணியை ஒழுங்காகக் கட்டினார். இங்க்ரிட் டோபெஷி என்ற பெல்ஜியப் பெண்மணி 1987-ல், கல்யாணம் நடந்த அதே வருஷத்தில், ஹாரின் முரட்டுப் படியைவிட வழவழப்பான, ஆனால் அதே மாதிரி சின்ன இடத்துக்குள் அடங்குகிற சிற்றலைகளைச் செய்துகாட்டினார். படம் போட்டுப் பார்த்தால் அவை சுறாத் துடுப்பு மாதிரி கோரமாக இருக்கும். வேலையில் சொக்கத் தங்கம். பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் விக்ரம் கத்ரே நடத்திய சிற்றலைப் பாடம் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவரும் ஹாரிலிருந்துதான் தொடங்குகிறார். சித்தியைத் தெரியாத குறைதான்.

இந்த இடத்தில் லேனாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இன்ஜினியர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1973-ல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. யாரோ பிளேபாய் இதழோடு வந்தார். நடுப்பக்கத்து அழகியைத் தோள்வரை ஸ்கேன் செய்து 512-க்கு 512 புள்ளியாக்கினார்கள். அதன் பிறகு உலகத்தில் எவன் எந்தச் சுருக்கமுறை கண்டுபிடித்தாலும் அந்தத் தொப்பிக்காரியின் மேல்தான் சோதித்தான். தொப்பியில் இறகு இருக்கிறது, நுட்பமான விவரங்களுக்கு நல்ல சோதனை என்று காரணம் சொன்னார்கள். பிளேபாய் விற்கக்கூடாத நாட்டில், பெற்றோர் எதிரிலேயே லேனாவைப் பார்த்துப் படித்த தலைமுறை எங்களுடையது. 2024 ஏப்ரலில்தான் ஐ.ட்ரிபிள்.ஈ. என்ற இன்ஜினியர்கள் சங்கம் போதும் என்று கதவைச் சாத்தியது.

சிற்றலைக்கு முதல் சம்பளம் கொடுத்தது போலீஸ். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1924-லிருந்து சேர்த்த கைரேகை அட்டைகள் கோடிக்கணக்கில் குவிந்துவிட்டன. ஓர் அட்டையை அங்குலத்துக்கு 500 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 10 மெகாபைட். அன்றைய 9600 வேக மோடத்தில் அதை அனுப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருடன் குற்றாலம் போய்க் குளித்துவிட்டே வந்துவிடுவான். ஜேபெக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எட்டுக்கு எட்டுச் சுவர்கள் ரேகைக்குக் குறுக்கே விழுந்தன. ரேகை எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்பதுதானே அங்கே சாட்சி. 1993-ல் சிற்றலையை ஏற்றார்கள். பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியும் ரேகை ரேகையாகவே இருந்தது.

கைரேகை வைத்து ஆளைப் பிடிக்கும் வித்தையில் பெரும்பங்கு இங்கிருந்து போனதுதான். வங்காளத்தில் 1858-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பின்னால் பேச்சு மாறிவிடாதிருக்க அவர் உள்ளங்கையையே மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதியவைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது. ரேகைகளை வகைபிரித்துத் தேடும் கணக்கைப் போட்டவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். அந்த முறைக்குப் பெயர் 'ஹென்றி முறை'. ஹென்றி அவர்களுடைய மேலதிகாரி. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1999. விதேஷ் சஞ்சார் நிகாம் இன்டர்நெட்டை ஊருக்குள் விட்டு நாலு வருஷம். என் அத்தை மகனுக்குத் திருநெல்வேலியில் பெண் பார்த்தார்கள். தபாலில் போட்டோ போனால் ஒரு வாரம். நவீனமாக இருக்கட்டுமே என்று மாட்டுங்காவில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினோம். அங்கே பிரௌசிங் சென்டரில் பெரியம்மா பெண் வீட்டாரோடு போய் உட்கார்ந்தாள். ஜேபெக் படம் அந்தக் காலத்தில் மேலிருந்து கீழே, ஷட்டர் இறங்குகிற மாதிரி வரும். முதலில் நெற்றி. நெற்றி பெரிது, பெண்ணின் அம்மா முகம் சுளித்ததாகக் கேள்வி. பிறகு புருவம், கண். மூக்கு வந்ததும் லைன் கட். மறுபடி போட்டார்கள். மறுபடி நெற்றியிலிருந்து. மறுபடி மூக்கோடு கட். பெரியம்மா எஸ்.டி.டி.யில் கூப்பிட்டாள்.

"ஏல, மாப்பிள்ளைக்கு வாய் இருக்கா?"

"இருக்கு பெரியம்மா."

"பெறவு ஏன் வரமாட்டேங்கு? மீசை வச்சிருக்கானா, எடுத்துட்டானா? பொண்ணோட ஆச்சி கேக்கா."

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. சிற்றலையில் அனுப்பியிருந்தால் முதல் கணமே முழு முகமும் மங்கலாக வந்திருக்கும், மூலையிலிருக்கும் அந்தக் குட்டிப் படம்தான் முதலில் போகும். பிறகு மூக்கு தெளியும், பிறகு மீசை, கடைசியில் மச்சம். எந்த இடத்தில் லைன் அறுந்தாலும் கையில் ஒரு முழு மாப்பிள்ளை இருப்பான். இதை அப்படியே தரமாக்கி ஜேபெக் 2000 என்று பெயர் வைத்து 2000 டிசம்பரில் வெளியிட்டார்கள்.

யாரும் வாங்கவில்லை. கணினிக்கு அதிக வேலை வைத்தது. காப்புரிமை கேட்டு எவனாவது வழக்குப் போடுவான் என்ற பயம் ஒரு பக்கம். பெரும்பாலான பிரௌசர்கள் உள்ளேயே விடவில்லை. பழைய ஜேபெக் 'பரவாயில்லை' ரகம்; இந்த உலகத்தில் 'பரவாயில்லை'யை ஜெயித்த 'பிரமாதம்' குறைவு. அதற்குள் லைன் வேகமும் கூடி, மூக்கில் நிற்கும் பிரச்சினையே போய்விட்டது.

2000 என்ற எண் தாராவிக்காரனுக்கு வேறு விதத்திலும் பழக்கம். சீரமைப்பில் யாருக்கு அங்கேயே இலவச வீடு என்பதற்கு 2000 ஜனவரி 1 ஒரு கோடு. அதற்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் உள்ளே. பிற்பாடு வந்தவனுக்கும், இரும்பு ஏணி ஏறிப்போகிற மாடி கோலிக்காரனுக்கும் வேறு கணக்கு. சுருக்கமுறையில் இதற்கு வாசல் மதிப்பு என்று பெயர். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சுழியம். சுருக்குகிறவர்களுக்கு நான் எதிரியில்லை. பத்துக்குப் பத்தில் ஒன்பது பேர் படுத்து எழுந்த குடும்பம் நாங்கள். எது சில்லறை என்று முடிவு செய்கிறவன் அந்தப் படத்துக்குள் இருக்கிறானா என்பதை மட்டும்தான் நான் பார்ப்பேன்.

சந்தையில் தோற்ற ஜேபெக் 2000 தற்கொலை செய்துகொள்ளவில்லை. ஊரைவிட்டு ஓடிவந்த ஆள் மாதிரி சத்தமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் 2005-ல் டிஜிட்டல் சினிமாவுக்கு விதி எழுதியபோது அதைத்தான் எடுத்தார்கள். ஒரு ஃபிரேம் 1.3 மெகாபைட்டுக்குமேல் போகக்கூடாது, நொடிக்கு 24. ரஜினியின் 'காலா'வுக்காகத் தாராவியைச் சென்னைக்குப் பக்கத்தில் செட் போட்டுச் சுருக்கினார்கள். அந்த விதிப்படி நடக்கிற எந்தத் தியேட்டருக்குப் போனாலும், அந்தச் சுருக்கத்தை மறுபடி சுருக்கிக் கொடுத்தது எஃப்.பி.ஐ. ரேகைக்குப் போட்ட டோபெஷி வகையறா சிற்றலைதான். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி கட்அவுட்டுக்குப் பால் ஊற்றியவர்கள் டோபெஷிக்கும் ஒரு கரண்டி ஊற்றியிருக்கலாம்.

இன்னொரு வேலை உங்கள் பர்சிலேயே இருக்கிறது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் இதே மகாராஷ்டிராவில், நந்துர்பார் மாவட்டத்து டெம்ப்லி கிராமத்தில் கொடுக்கப்பட்டது. இப்போது வரும் ஆதாரில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள், க்யூ.ஆர். கோடுக்குள், உங்கள் முகம் ஒளிந்திருக்கிறது. ஒன்றிரண்டு கிலோபைட்டுக்குள் அடங்கிய ஜேபெக் 2000. அட்டையின் மேலே அச்சடித்த போட்டோவில்தான் நாமெல்லாம் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருக்கிறோம். உள்ளே இருப்பது சிற்றலை, மூக்கு, வாய், மீசை எல்லாம் உண்டு.

சித்திக்கும் ஆதார் இருக்கிறது. ரேகைதான் இல்லை. முப்பது வருஷம் ஆவி பறக்கிற இட்லித் துணியை வெறுங்கையால் உரித்தெடுத்ததில் பத்து விரலும் பீங்கான் மாதிரி வழுவழுப்பு. ஒரு வரி கெடக்கூடாது என்று லாஸ் அலமோஸ் விஞ்ஞானிகள் எஃப்.பி.ஐ.யோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம், ரேஷன் கடை மெஷினில் அவள் விரல் வைத்ததும் வீணாயிற்று. வலது கட்டைவிரல், இல்லை. இடது, இல்லை. தலையில் தேய்த்துவிட்டு வை என்றார்கள், இல்லை. மூன்று மாசம் நடந்தாள். கடைசியில் கண்ணைப் பார்க்கிற கருவி ஒன்று வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

5 கிலோ என்று கடைக்காரர் அளந்து கொட்டினார். சித்தி வீட்டுக்கு வந்து மாவுக்கு அரிசி நிறுக்கிற தன் தராசில் போட்டுப் பார்த்தாள். 150 கிராம் குறைந்தது. நான்தான் வாய்விட்டேன், "அத விடு சித்தி" என்று. பையை அப்படியே தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போய்விட்டாள்.